கழிமுகத்து மும்பை

விடிவதற்கு முன்பே சசூன் துறையின் தரை நனைந்துவிடுகிறது. நாள்கணக்கில் கடலில் கிடந்த விசைப்படகுகள் அருகருகே வந்து அணைய, கூடைகள் கைமாறிக் கைமாறிக் கரையேறுகின்றன. வாவல், வஞ்சிரம், அயலை, கணவாய், இறால் என ஈரத்தரையில் குவியல்கள் சரிய ஏலம் தொடங்குகிறது. விலையைக் கூவுவது பெண்கள். கூடையைக் காலால் ஒதுக்கி இடம்பிடிப்பதும், ஈரக்கையோடு நோட்டை எண்ணி இடுப்பில் செருகுவதும் அவர்களே. மும்பையின் பூர்வகுடி மீனவர்களான கோளி சமூகத்தில் ஆண்கள் பிடித்து வருவார்கள். காசாக்குவது பெண்களின் பொறுப்பு. கொட்டகை ஓரத்தில் வேறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள். அந்த விரல்களின் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்க முடியவில்லை.

1875ல் திறக்கப்பட்ட இத்துறை மீனுக்காகக் கட்டப்பட்டதல்ல. பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வேரூன்றிய யூத வணிகக் குடும்பமான சசூன்கள் பஞ்சு ஏற்றுமதிக்காகக் கட்டினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி வந்ததும், 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பம்பாய் வணிகர்களுக்குக் கொட்டிக்கொடுத்த காலம் அது. பிறகு பஞ்சு போனது, மீன் வந்தது. 2017ல் இங்குள்ள கிடங்குகளுக்குள் ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. சுவரோவியங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்த நகரவாசிகளில் பலர் அதுவரை துறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. கொஞ்ச தூரத்தில் 1903ல் திறந்த தாஜ்மகால் ஹோட்டல். அதற்கெதிரே 1924ல் முடிந்த கேட்வே ஆஃப் இந்தியா. பயணிகளுக்கான மும்பைத் துறைமுகம் பெரும்பாலும் இந்தச் சிறு வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் மும்பையின் பழைய மீன்துறைகளில் பல இங்கே இல்லை. அவை வடக்கே, மாகிம் கழியின் ஓரத்திலும் தானே கழியின் ஓரத்திலும் இருக்கின்றன. 1909ல் வெளிவந்த பம்பாய் நகர கெசட்டியர் பெரிய கோளிவாடாக்கள் என்று ஆறு மீனவர் ஊர்களைக் குறிப்பிட்டது. அவற்றில் ஒன்று தாராவி, இன்னொன்று சயான். தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதிகளும் இவைதான். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்ற மூன்று பெயர்களும் மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் அடிக்கடி வரும். அந்தத் தெருக்களின் அடியில் ஒரு மீன்துறை இருந்தது என்ற நினைவு மட்டும் பேச்சில் வருவதில்லை. இந்தப் பயணம் அந்த நினைவைத் தேடித்தான் வடக்கே போனது.

முதல் நிறுத்தம் மாட்டுங்கா. கோளிகளின் ஊரல்ல இது. ஆனால் பசி முதலில் இங்கேதான் இழுக்கிறது.

1896ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசல்தான் நோயை வளர்க்கிறது என்று கருதிய அரசு 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. அது வடக்கே அகலமான சாலைகளும் தோட்டங்களும் கொண்ட குடியிருப்புகளை வகுத்தபோது உருவானவை தாதரும் மாட்டுங்காவும். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, மெட்ராஸ் மாகாணத்திலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள் இங்கே குடியேறினார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர், ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. தங்குமிடம் அத்தோடு முடிந்தது. சமைக்க இடமும் இல்லை, சமைக்கத் தெரிந்தவர்களும் குறைவு.

உடுப்பிக்காரர்கள் அந்தப் பசியைப் புரிந்துகொண்டார்கள். மைசூர் கபே 1936ல் வந்தது, ராம் ஆஷ்ரய் 1939ல், கபே மெட்ராஸ் 1940ல். 1942ல் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் தொடங்கியது. இன்றும் அங்கே மதியச் சாப்பாடு வாழையிலையில்தான். வரிசையில் காத்திருந்து உள்ளே போனால் ரசமும் சாம்பாரும் கூட்டும் பொரியலும் கேட்கக் கேட்க வருகின்றன. வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், இலையில் மீதி வைத்தால் முகம் சுளிப்பார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு குஜராத்திக் குடும்பம், அதற்கடுத்து அலுவலகத்து மராத்தி இளைஞர்கள். ஊரைவிட்டு வந்த பிரம்மச்சாரிகளுக்காகக் காய்ச்சிய ரசம் இன்று நகரத்துக்கே பொதுவாகிவிட்டது. ஞாயிறு காலையில் கபே மெட்ராஸ் வாசலில் ராகி தோசைக்கும் ரச வடைக்கும் நிற்கும் கூட்டம் நடைபாதையை நிறைக்கிறது.

பெயர்பெற்ற உணவகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுவதைவிட மாட்டுங்கா கடைத்தெருவில் ஒருமுறை மெதுவாக நடப்பது நல்லது என்பது கட்டுரையாளரின் எண்ணம். வாழைப்பூ, சேனை, கொத்துக் கறிவேப்பிலை, நுனி வாழையிலைக் கட்டு. காப்பிக்கொட்டை வறுபடும் மணம் தெருமுனைக்கே வந்துவிடுகிறது. பொடி வாங்க வருபவர்கள் சிக்கரி எவ்வளவு என்பதைக் கறாராகச் சொல்கிறார்கள். பூக்கடைகளில் மல்லிகைச்சரத்தை முழத்தில் அளந்து தருகிறார்கள். பக்கத்தில் ஆஸ்திக சமாஜக் கோயில். கேரளத்தவர் அதைக் கொச்சு குருவாயூர் என்கிறார்கள். ரயில் நிலையத்தில் 2017லிருந்து டிக்கெட் கொடுப்பதும் அறிவிப்பதும் பாதுகாப்பும் பெண் ஊழியர்கள் கையில். முழுக்கப் பெண்களே நடத்தும் முதல் புறநகர் நிலையம் என்ற பெயர் அதற்கு உண்டு. கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டினால் சண்முகானந்தா அரங்கம். 1952ல் தொடங்கிய சபா, 1963ல் எழுந்த மண்டபம். 1990ல் தீயில் சேதமடைந்து, 1998ல் மீண்டும் திறக்கப்பட்டது.

மாட்டுங்காவிலிருந்து மேற்கே மாகிம். இங்கே உப்புக்காற்று மீண்டும் முகத்தில் அடிக்கிறது.

மாகிம் கடற்கரையில் நின்றால் எதிரே 2009ல் திறந்த பாந்த்ரா - வோர்லி கடற்பாலம். இடப்பக்கம் வோர்லி, வலப்பக்கம் பாந்த்ரா, நடுவில் சின்ன வளைகுடா. பார்க்கப் பார்க்க அழகான பாலம்தான். ஆனால் மணலில் இழுத்துப் போட்ட படகுகளின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது: தூண் நட்ட ஒவ்வொரு இடமும் யாரோ வலை போட்ட இடம். கரையில் கோளிப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் கடலுணவுக் கடைகள் இருக்கின்றன. மாலையில் பொம்பில் வறுவலும் இறால் குழம்பும் அரிசி மாவு பாக்கரியும் சுடச்சுடக் கிடைக்கும். பொம்பில் என்பது எலும்பு இருப்பதே தெரியாத மெத்தென்ற மீன். ஈரத்தைப் பிழிந்து, ரவையில் புரட்டி வறுத்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். மழைக்காலத்துக்கென்று அதை மூங்கில் கொடிகளில் தொங்கவிட்டு உலர்த்தியும் வைக்கிறார்கள். பிடித்தவர் வீட்டுப் பெண்ணே சமைத்துப் பரிமாறும் இந்தத் தட்டுக்கு ஈடாக நட்சத்திர ஹோட்டல் எதையும் வைக்க முடியாது.

மாகிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் தரைப்பாலத்தின் கதை பள்ளிப் பாடங்களில் தர்மக் கதையாகவே வரும். படகு கவிழ்ந்து உயிர்கள் போவதைக் கண்டு மனம் பொறுக்காத பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுக்க, 1845ல் பாலம் திறந்தது. பெரிய கொடைதான், அதில் சந்தேகமில்லை. அதே பாலம் கழிக்குள் கடல் புகுந்து வெளியேறும் வழியையும் குறுக்கியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே ஒரு தரைப்பாலம் வந்திருந்தது. இரண்டு பக்கமும் இறுகியதும் கழியில் சேறு படியத் தொடங்கியது. நடுவில் இருந்த தாராவிக் கோளிகளின் நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையானது. அந்தத் தரையில்தான் நம் ஆட்கள் வந்து குடிசை போட்டார்கள்.

1871ல் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் மெட்ராஸிலிருந்து போன தண்டவாளமும் ராய்ச்சூரில் சந்தித்தன. ஐந்தே ஆண்டில் தாது வருசப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சமும், அதன் பின்னால் தொடர்ந்த வேலையின்மையும், ஊரில் சாதி தந்த அவமானமும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மனிதர்களை ரயிலேற்றின. தோல் பதனிடத் தெரிந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே, நீருக்குப் பக்கத்தில், யாரும் வேண்டாம் என்ற நிலம் தேவைப்பட்டது. தாராவிச் சதுப்பு அப்படிப்பட்ட நிலம். இங்குள்ள பெரிய மசூதி 1887ல் எழுந்தது, கணேசர் கோயில் 1913ல். தாராவியை நேற்று முளைத்த குடிசைக் கூட்டமென்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாஜ்மகால் ஹோட்டலைவிட மூத்தது இந்த மசூதி.

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் கடைப்பலகைகள் தமிழில் தொடங்குகின்றன. அண்ணாச்சி, அக்கா என்ற விளிகள் காதில் விழுகின்றன. பேச்சில் நெல்லைச் சாயல் மூன்றாம் தலைமுறையிலும் கரையவில்லை. தை முதல் நாளில் பெண்கள் சாலையோரத்தில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். முறுக்கும் அதிரசமும் இங்கே வீட்டுத்தொழில். நகரம் விழிக்கும்போது பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் இட்லி விற்பவர்களில் பெரும்பகுதியினர் இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து கிளம்புபவர்கள். நடுராத்திரியில் அடுப்பு மூட்டி, அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் தூக்கில் சட்னியும் கட்டிக்கொண்டு, விடியும்போது கொலாபா வரைகூடப் போய்விடுகிறார்கள். அலுவலகக் காவலாளியும் டாக்ஸி ஓட்டுநரும் முதலில் சாப்பிடும் காலைச் சாப்பாடு இதுதான்.

தாராவியைச் சுற்றிக்காட்டும் நடைச் சுற்றுலாக்கள் இருபது ஆண்டுகளாக நடக்கின்றன. 2008ல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் வருகை கூடியது. பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறைகள், தோல் கடைகள், சௌராஷ்டிரத்துக் குயவர்களின் கும்பார்வாடா எனப் பெரும்பாலும் உழைப்பைக் காட்டுகிறார்கள். நல்லதுதான். பார்க்க வருபவர்கள் குடியிருப்பவர்களின் வீடுகளுக்குள் கேமராவை நீட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சுற்றில் தாராவியின் மூத்த ஊரான கோளிவாடா பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

அங்கே போய்ப் பார்த்தால் சட்டென்று காட்சி மாறுகிறது. ஓட்டு வீடுகள், திண்ணைகள், சிலுவைத் தூண்கள், கொஞ்சம் அகன்ற முற்றங்கள். கோளிகளில் இந்துக்களும் உண்டு, போர்த்துகீசியர் காலத்தில் கிறிஸ்தவரானவர்களும் உண்டு. ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியில் நாரளி பௌர்ணிமா வரும். மழை தணிந்த கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுத்தான் படகு இறக்குவார்கள். கழியில் மீன் அற்றுப்போன ஊரிலும் திருநாள் நிற்கவில்லை. மித்தி ஆற்றின் கறுத்த நீரில் இன்று வலை போட எதுவுமில்லை. விகார், பொவாய் ஏரிகளின் உபரிநீராகப் பிறந்து வரும் அந்த ஆறு, வழியிலுள்ள ஆலைக்கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு மாகிம் கழியில் சேர்கிறது. அதன் சதுப்பைத் தூர்த்து எழுந்ததுதான் எதிர்க்கரையில் கண்ணாடிக் கோபுரங்களாக மின்னும் பாந்த்ரா - குர்லா வணிக வளாகம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, தூர்த்த இடங்களை எல்லாம் ஆறு திரும்பக் கேட்டது.

கோளிவாடாவிலிருந்து சற்று நடந்தால் காலா கில்லா. 1737ல் ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டப்பட்டதாகச் சொல்லும் கல்வெட்டு அதன் சுவரில் இருக்கிறது. அதே ஆண்டில் மராட்டியர் படை சால்செட் தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்து நம் பக்கம் திரும்புவார்களோ என்ற கவலையில் ஆங்கிலேயர் கழியோரமாகக் காவல் போட்டார்கள். இன்று அந்தச் சின்னக் கோட்டையைச் சுற்றிக் குடியிருப்புகளும் குப்பையும். பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் கோட்டையைத் தேடிப்போக ஒரு கைகாட்டிப் பலகைகூட இல்லாதது வருத்தமளிக்கிறது. தெற்கு மும்பையின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பாரம்பரியப் பட்டயம் மாட்டும் நகரம், தாராவியில் ஒரு வரலாற்றுச் சின்னம் இருப்பதை மறந்தது தற்செயல் அல்ல.

மறக்கப்பட்டதற்கு நேர்மாறான இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மகாராஷ்டிரா நேச்சர் பார்க் என்ற 37 ஏக்கர் காடு ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. 1980களில் மரம் நடத் தொடங்கி 1994ல் மக்களுக்குத் திறந்தார்கள். குப்பை மேலே மண், மண் மேலே மரம், மரத்தில் இப்போது பறவைகள். ஓரத்தில் கழியின் அலையாத்தி மரங்கள் வேர்விட்டு நிற்கின்றன. தாராவியில் ஒரு மணி நேரம் மட்டும் கையில் இருப்பவர் அதை இங்கே செலவிடலாம்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதானி குழுமம் முன்னணியில் வந்தது. யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வெளியே என்ற கேள்வி ஒவ்வொரு சந்திலும் பேசப்படுகிறது. கோளிகளோ எங்கள் ஊர் குடிசைப்பகுதியே அல்ல, எல்லையை அளந்து தனியாக விடுங்கள் என்று கேட்கிறார்கள். நகரத்துக்கு முன்பிருந்த ஊர் அது என்பதால் அந்தக் கோரிக்கை நியாயமானது. அவர்களுக்குப் பின் வந்து சதுப்பை மண்ணிட்டு உயர்த்திய தமிழர்கள், குயவர்கள், உத்தரப்பிரதேசத்துக்காரர்களின் உரிமையும் அதே அளவு நியாயமானது.

கிழக்கே ரயில்பாதையைத் தாண்டினால் சயான். 1669க்கும் 1677க்கும் இடையில் ஜெரால்ட் ஆங்கியர் ஆட்சியில் கட்டிய கோட்டை ஒரு குன்றின்மேல் சிதைந்து நிற்கிறது. ஆங்கிலேயரின் தீவு இங்கே முடிந்து போர்த்துகீசியரின் சால்செட் எதிரே தொடங்கியது. மேலேறிப் பார்த்தால் கிழக்கே கழியும் உப்பளங்களும் விரிகின்றன. கீழே சயான் கோளிவாடா. பிரிவினையில் வீடிழந்து வந்த பஞ்சாபியர்களுக்கு இந்தப் பக்கத்தில் முகாம்கள் ஒதுக்கினார்கள்; ரயில் நிலையத்துக்கே குரு தேக் பகதூர் நகர் என்று பெயர். அவர்கள் நடத்திய உணவுக்கடைகளில் கடலை மாவும் ஓமமும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த இறால், கோளிவாடா என்ற பெயரோடு நாடு முழுக்க உணவுப் பட்டியல்களில் ஏறிவிட்டது. மீனவர்களின் இறால், அகதிகளின் மசாலா. இந்த நகரம் மனிதர்களை எப்படிக் கலந்தது என்பதை அந்தத் தட்டு சொல்கிறது.

செம்பூருக்கு வரும்போது நெரிசல் கொஞ்சம் தளர்கிறது. 1924ல் குர்லாவிலிருந்து பயணிகள் ரயில் வந்த பிறகு வளர்ந்த புறநகர் இது. மாட்டுங்காவில் அறைகளைப் பகிர்ந்த தலைமுறை, குடும்பமானதும் வீடு தேடி வந்தது இங்கேதான். செட்டா நகரில் உயரமான மேடையில் திருச்செம்பூர் முருகன் கோயில். படியேறிப் போனால் கிருத்திகையன்று கூட்டத்தில் தமிழ் தவிர வேறு மொழி காதில் விழுவது அரிது. கொஞ்ச தூரத்தில் சிந்தி அகதிகளின் முகாம் இருந்த பகுதி. அங்கே காலைச் சாப்பாடு தால் பக்வான்: மொறுமொறுப்பான பெரிய பூரியும் கடலைப்பருப்பும். இட்லிக்கும் பக்வானுக்கும் நடுவில் தயங்க வேண்டியதில்லை. செம்பூர்க்காரர்கள் இரண்டையும் சாப்பிடுகிறார்கள்.

தங்குவதற்கு இந்தப் பகுதிகளில் பெரிய ஏற்பாடுகள் எதிர்பார்க்கக் கூடாது. சயானிலும் தாதரிலும் செம்பூரிலும் எளிய லாட்ஜுகள் உண்டு. மருத்துவமனைக்கு வந்தவர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்களும்தான் பெரும்பாலும் தங்குகிறார்கள். ஒரு காலத்தில் கோவாக் கிராமங்கள் ஒவ்வொன்றும் தோபி தலாவ் பக்கம் தன் ஊர்க்காரருக்கென்று மன்றம் வைத்திருந்தன. கப்பல் வேலைக்குக் காத்திருக்கும் மாலுமி, பெட்டியை வைத்துவிட்டுப் பாயை விரித்துக்கொள்வார். தாராவியில் அதே வேலையை ஊர்க்காரர் வீட்டு மச்சு செய்தது. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த இடத்தில் இரவு ஷிப்டுக்காரர் படுத்தார். இந்த நகரத்தில் விருந்தோம்பல் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது, அதற்கு எந்தப் பயணக் கையேட்டிலும் பக்கம் இல்லை.

பயணத்தின் கடைசிப் படித்துறை மாகுல். செம்பூருக்குத் தெற்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மதிலோரமாகப் போகும் சாலையின் முடிவில் இருக்கிறது இந்த மீனவர் ஊர். 1950களின் நடுவில், பின்னாளில் எஸ்ஸோ என்று பெயர் மாறிய ஸ்டான்வாக்கும் பர்மா ஷெல்லும் இங்கே ஆலைகள் அமைத்தன. இப்போது அவை அரசு நிறுவனங்கள். காற்றில் எண்ணெய் வாடை நிரந்தரம். 2010 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்எஸ்சி சித்ரா என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி எண்ணெய் கசிந்தபோது, வாரக்கணக்கில் மும்பைக் கரையோர மீனவர்களின் பிழைப்பு நின்றுபோனது.

இவ்வளவுக்கும் நடுவில் சேற்றில் பூநாரைகள் நிற்கின்றன. ஆயிரக்கணக்கில், இளஞ்சிவப்பாக, பின்னால் புகைபோக்கிகள். நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி மே மாத இறுதியில் கிளம்பும் இந்தப் பறவைகளுக்காகத் தானே கழியின் ஒரு பகுதி 2015ல் சரணாலயமானது. 2022ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அலை ஏறும் நேரம் பார்த்து மீனவர்கள் தங்கள் படகிலேயே பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். எஞ்சினை எங்கே அணைக்க வேண்டும், பறவை மிரளாமல் எவ்வளவு கிட்டே போகலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வலையில் விழும் மீன் குறைந்துபோன ஊருக்கு இது கைகொடுக்கும் இரண்டாவது வருமானம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. பறவைகளும் அதற்குள் போய்விடும். அந்த இரண்டு மாதம் படகு கரையில், கூலி வேலை நகரத்தில். ஆகவே வர நினைப்பவர்கள் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வரலாம். துறையில் படகுக்காரரிடமே நேராகப் பேசி, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, திரும்பும்போது கரையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அவர் வீட்டுப் பெண்களிடம் அன்றைய மீனையும் வாங்கலாம்.